ஒட்டகச் சிலுவார்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் தையல் கடை போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. பள்ளிச் சீருடை, ரவிக்கை, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங், தீபாவளிக்கு முந்தின மாதம் ராத்திரி பகலாகப் பஞ்சாபி சூட் என்று எல்லாம் தைத்தாயிற்று. இந்த ஏழெட்டு வருஷமாகத்தான் புதிதாக ஓர் உருப்படி சேர்ந்திருக்கிறது. போன வாரம்கூட வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி வந்து, "அக்கா, எனக்கும் அந்த ஒட்டகச் சிலுவார் ஒண்ணு வேணும். பள்ளி லீவுல மொரோக்கோ போறோம்" என்றாள். மகனுக்குச் சட்டை அளவு கொடுக்க வந்திருந்த ஓர் அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒட்டகத்துக்கே சிலுவார் தைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

சிலுவார் என்றால் காற்சட்டை. ஒட்டகத்தில் ஏறும்போது நாம் போட்டுக்கொள்வதுதான். அது எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம்.

2017 டிசம்பரில் நாங்கள் பதினோரு பெண்கள் வட இந்தியா போனோம். மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) கூட்டுச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் ஜெய்சால்மர். அங்கிருந்து 40 கிலோமீட்டர் மேற்கே சாம் என்ற இடத்தில்தான் மணல்மேடுகள். கூடாரம், ராத்திரிச் சாப்பாடு, ஆட்டம் பாட்டம், சாயங்காலம் ஒட்டகச் சவாரி, எல்லாம் ஒரே பேக்கேஜ். ஜீப்பை விட்டு இறங்கினால் வரிசையாக ஒட்டகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. கழுத்தில் மணி, முதுகில் சிவப்பும் மஞ்சளுமாய்த் துணி, கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த ஜாலர். நான் துணியைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி.

இரண்டு பேருக்கு ஓர் ஒட்டகம். ராஜஸ்தான் சேணத்தில் திமிலுக்கு முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் உட்கார வேண்டும். நான் முன்னால், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து பென்ஷன் வாங்கிய அக்கா பின்னால். ஒட்டகக்காரப் பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தான். ஒட்டகம் முன்னங்கால் முட்டியில் லேசாக எழும்பியது. சரி, எழுந்துவிட்டது என்று நான் கையைத் தளர்த்திய நேரம் பின்னங்கால் இரண்டும் சடாரென்று நிமிர்ந்தன. என் மூக்குக்கு நேர் கீழே மணல். அக்கா முழுப் பாரத்தோடு என் முதுகில் வந்து விழுந்தார். அதற்குள் முன்னங்கால்கள் நிமிர, இரண்டு பேரும் பின்னால் சாய்ந்தோம். கண்ணைத் திறந்தபோது மற்ற எல்லாரும் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்கக்கேடு என்னவென்றால் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. நான் பிறந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா காலையில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பார், மத்தியானத்துக்கு மேல் மாடு. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஐந்து பசு வைத்திருந்தார். விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு மாட்டையும் தட்டி எழுப்புவார், நான் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாடு பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். குதிரைதான் முன்னங்காலை முதலில் ஊன்றும். பத்து வயதில் தினமும் பார்த்தது, ஐம்பது வயதில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வரவில்லை. ஆகவே போகிறவர்களே, அது எழும்போது பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். உட்காரும்போது முன்பக்கம்தான் முதலில் மடங்கும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நூறு அடி போயிருப்போம். எங்களுக்கு முன்னால் போன ஒட்டகம் திடீரென்று நின்று, தலையைத் தூக்கி, தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தாற்போல் கொடகொடவென்று சத்தம் போட்டது. வாயின் ஓரத்திலிருந்து ரோஜா நிறத்தில் பலூன் மாதிரி ஒன்று வெளியே வந்து தொங்கியது. கூடவே நுரை. "ஐயோ, குடல் வெளிய வந்துருச்சு!" என்று எங்கள் கூட்டத்தில் யாரோ கத்த, நர்ஸ் அக்கா மட்டும், "இல்ல இல்ல, தொண்டையிலேர்ந்து வருது" என்று நிதானமாகப் பார்த்தார். அவர் சொன்னதுதான் சரி. ஆண் ஒட்டகத்துக்கு மேல்வாயின் பின்புறத்து மெத்தென்ற சதை நீளமாக இருக்கும். சேர்க்கைக் காலத்தில் அதைக் காற்றடைத்து ஊதி வெளியே தள்ளி, பெண் ஒட்டகத்துக்குத் தன் மிடுக்கைக் காட்டும். ராஜஸ்தானில் அந்தக் காலம் குளிர்காலம். சுற்றுலாக்காரர்கள் வருவதும் குளிர்காலம். மே மாத வெயிலில் யார் போவார்கள்? ஆக, அது சேர்க்கை வெறியில் இருக்கும் அதே மாதங்களில்தான் நாம் போய் அதன் முதுகில் ஏறுகிறோம்.

காளை அந்த மாதிரி இருக்கும்போது அப்பா எங்களைக் கொட்டகைப் பக்கமே விடமாட்டார். ஒட்டகமும் அப்படித்தான், அந்தக் காலத்தில் கடிக்கும். வாயில் நுரை, தலைக்குப் பின்னால் கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் கருப்பாக ஈரம், ஒரு மாதிரி கெட்ட வாடை. இதெல்லாம் தெரிந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. உட்கார்ந்தபடி அமைதியாக அசை போட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அசை போடாத மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்பார் அப்பா. ஒட்டகமும் அசை போடுகிற ஜாதிதான்.

சவாரி முக்கால் மணி நேரம். முதல் பத்து நிமிஷம் சுகம், அதற்கப்புறம் இடுப்பு. ஒட்டகம் நடக்கும்போது ஒரு பக்கத்து முன்னங்கால் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி வைக்கும். அதனால் உடம்பு முன்னும் பின்னும் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் ஆடும். பழைய மர ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி மட்டும் நீளமாக இருந்தால் எப்படி ஆடும், அந்த ஆட்டம். நான் போட்டிருந்ததோ ஜீன்ஸ். ஜீன்ஸில் உள்தொடைத் தையலைப் பாருங்கள், துணியை மடித்து, மேலே இரண்டு ஓட்டு ஓட்டியிருப்பார்கள். கயிறு மாதிரி கெட்டி. முக்கால் மணி நேரம் அந்தக் கயிறு தொடையில் தேய்ந்தது. ஊர் திரும்பி இரண்டு நாள் மெஷினில் உட்கார முடியவில்லை.

அப்போது வெட்டியதுதான் முதல் சிலுவார். நல்ல பருத்தி, கொஞ்சம் கனம். கவட்டில் நான்கு தையலும் ஒரே இடத்தில் கூடாமல் டைமண்ட் மாதிரி ஒரு துண்டு வைத்தேன். உள்தொடையில் தையலே கிடையாது, அதை முன்பக்கமாகத் தள்ளிவிட்டேன். கணுக்காலில் எலாஸ்டிக், இல்லாவிட்டால் ஏறும்போது முட்டி வரை சுருண்டு ஏறிவிடும், காய்ந்த ஒட்டக ரோமம் காலில் குத்தும். இடுப்பில் பட்டன் வேண்டாம், நாடா போதும்.

ஆனால் நான் சொல்ல வந்தது சிலுவாரை மட்டும் இல்லை.

சாமில் இறங்கியபோது எங்கள் ஒட்டகம் உட்கார்ந்த வேகத்தில் அந்தச் சிவப்புத் துணி ஒரு பக்கம் சரிந்தது. அடியில் கோணிச்சாக்கில் வைக்கோல் திணித்துத் தைத்த மெத்தை. அதுவும் விலகியதில் திமிலுக்குப் பக்கத்தில் ஒரு புண் தெரிந்தது. ஐம்பது காசு அகலம். ரோமம் உதிர்ந்து, நடுவில் சிவந்து, ஓரத்தில் பொருக்கு. இரண்டு ஈ. பத்து நிமிஷம் முன்னால்தான் நாங்கள் இரண்டு பேர், சேர்ந்து 140 கிலோவுக்குக் குறையாது, அதன் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். தொழில்காரிக்குப் புண்ணைவிட மெத்தைதான் முதலில் கண்ணில் பட்டது. சாக்கு கிழிந்த இடத்தில் யாரோ வெளிப்பக்கம் அழகாகத் தெரிய வேண்டுமென்று மடிப்பை உள்பக்கமாகத் தள்ளி ஒட்டுப் போட்டிருந்தார்கள். விரல் தடிமனுக்கு அந்த மடிப்பு. அது அழுத்துகிற இடம்தான் புண்.

எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் சினிமாப் பாட்டு இந்தி. பையனைக் கூப்பிட்டு மடிப்பைக் காட்டினேன், புண்ணைக் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரியாமல் இல்லை. ஒட்டகம் அவனுடையதும் இல்லை. ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் கூலி போச்சு என்று கை விரலால் எண்ணிக் காட்டினான். என் பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும். மணலில் உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்தேன். சாதா ஊசி கோணியில் வளைந்துவிட்டது, இரண்டாவது ஊசியில் மடிப்பை வெளியே எடுத்து, தட்டையாக வைத்து, நெருக்கமாகத் தைத்தேன். பையன் பக்கத்தில் குந்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் ஊசியை வாங்கி மிச்சத்தை அவனே போட்டான். என்னைவிட மோசமில்லை. கூட வந்தவர்களுக்கு சூரியன் மறைவது தவறிவிட்டதே என்று என்மேல் கோபம். "இங்கயும் வந்து ஆல்ட்ரேஷனா?" என்று கேட்டார்கள். அந்த முகாம்காரரிடம் புண்ணைப் பற்றிச் சொன்னேன், மருந்து போடுவோம் என்றார். போட்டாரா என்று யாருக்குத் தெரியும்.

அடுத்த நாள் ஜீப் ஓட்டியவரிடம் விசாரித்துக்கொண்டே வந்தேன். முன்பு ஏர் உழ, வண்டி இழுக்க, தண்ணீர் சுமக்க எல்லாவற்றுக்கும் ஒட்டகம்தானாம். டிராக்டர் வந்தபின் யாருக்கும் வேண்டாம். 2012 கணக்கில் இந்தியா முழுவதும் நான்கு லட்சம் ஒட்டகம் இருந்தது, பிறகு எடுத்த 2019 கணக்கில் இரண்டரை லட்சமாகிவிட்டது. ராஜஸ்தான் அரசு 2014-இல் அதை மாநில விலங்கு என்று அறிவித்தது, மறு வருஷம் கொல்லக் கூடாது, அனுமதி இல்லாமல் வெளி மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமும் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் விற்க வழியில்லாத மிருகத்தை எவன் வளர்ப்பான்? பரம்பரையாக ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா சமூகத்தாருக்கு அதில் பெரிய மனத்தாங்கல். இதனால்தான், சவாரியே போகாதே, அது பாவம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு முழுசாகத் தலையாட்ட முடிவதில்லை. அந்தப் பையனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது அங்கே? போங்கள், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், கனத்த உடம்பென்றால் தனியாக ஏறுங்கள், ஏறும் முன் துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பக்கத்தில் நடந்தே போய்விட்டு கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். பாலைவனத்தில் நடப்பதும் அழகுதான்.

நர்ஸ் அக்கா அதற்கப்புறம் எகிப்துக்கும் போய் வந்தார். கீஸா பிரமிடுகளுக்குப் பக்கத்தில் ஏறுவதற்கு ஒரு விலை, இறக்கி விடுவதற்கு வேறு விலை கேட்டார்களாம். அவர் மேலேயே உட்கார்ந்து, "சரி, இறக்க வேண்டாம், சாப்பாடு வாங்கிட்டு வா" என்று தமிழில் சொன்னாராம். இறக்கிவிட்டார்கள். பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், காக்கா என்று கூப்பிடுவோம், மக்காவுக்கு உம்ரா போனபோது அவருக்கு நேரெதிரான கவலை, ஒட்டகத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. 2014-இல் உம்ரா முடித்துத் திரும்பிய ஜொகூர்க்காரர் ஒருவர் ஒட்டகத்திடமிருந்து தொற்றக்கூடிய மெர்ஸ் நோயால் இறந்தார், அங்கே ஒரு பண்ணையில் ஒட்டகப் பால் குடித்திருந்தார் என்று செய்தியில் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தொடாதீர்கள், ஒட்டகத்தைத் தடவினால் கை கழுவுங்கள், அவ்வளவுதான். காய்ச்சிய பாலுக்குப் பயமில்லை. பிக்கானேரில் 1984-இல் தொடங்கிய ஒட்டக ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டகப் பால் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். நாங்கள் பதினோரு பேரும் தின்றோம். லேசாக உப்புக் கரிக்கும்.

2023 ஜூனில் மகள் வீட்டுக்குப் பெர்த் போயிருந்தேன். அங்கிருந்து இரண்டரை மணி நேர விமானம், புரூம். கேபிள் பீச் என்று 22 கிலோமீட்டர் வெள்ளை மணல். 1889-இல் ஜாவாவிலிருந்து கடலுக்கடியில் தந்திக் கம்பி வந்து சேர்ந்த இடமாதலால் அந்தப் பெயர். சாயங்காலம் ஒட்டகங்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்தபடி தண்ணீரோரமாகப் போகும். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். மருமகன் கட்டினார், நான் மனதுக்குள் வெள்ளியில் பெருக்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். ஒட்டகத்தை ஓட்டிவந்த பெண்ணிடம் துணியைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு வாரை அவிழ்த்துக் காட்டினாள். மெத்தை சுத்தமாக இருந்தது, தையல் வெளிப்பக்கம். ரோமம் கொஞ்சம் தேய்ந்திருந்தது, தோல் நன்றாக இருந்தது. "நீங்க ஒட்டகம் வளர்க்கிறவங்களா?" என்று கேட்டாள். "தையல்காரி" என்றேன்.

அவள்தான் கதையைச் சொன்னாள். ஒட்டகம் ஆஸ்திரேலியாவின் மிருகமே இல்லை. 1860-இல் உள்நாட்டைக் கடந்து போகப் புறப்பட்ட ஒரு குழுவுக்காகக் கராச்சியிலிருந்து இருபத்து நான்கு ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கினார்கள், ஓட்டுவதற்கு ஆட்களோடு. அதற்கப்புறம் ஆயிரக்கணக்கில் வந்தன. தந்திக் கம்பம், தண்டவாளம், கம்பளி மூட்டை எல்லாம் அவைதான் சுமந்தன. பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் என்று எங்கிருந்து வந்தாலும் ஓட்டிய ஆட்கள் எல்லாருக்கும் "ஆப்கான்" என்று ஒரே பெயர். இன்றைக்கும் அங்கே ஓடும் கான் ரயிலுக்கு அந்தப் பெயர்தான். 1920-களில் லோரி வந்தது. 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம், கண்ட இடத்தில் திரியும் ஒட்டகத்தைச் சுடலாம் என்று. கூடவே வாழ்ந்த மிருகத்தைச் சுட மனமில்லாமல் பலர் இரவோடிரவாகக் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அவை பெருகிப் பெருகி, 2009 முதல் 2013 வரை மட்டும் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைக் குறைக்க வேண்டி வந்தது, பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு. நான் உட்கார்ந்திருந்ததும் காட்டில் பிடித்து வந்து பழக்கியதுதானாம்.

கடல் ஆரஞ்சு நிறமாகிக்கொண்டிருந்தது. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு எங்கள் தோட்டத்துக் கொட்டகை ஞாபகம். பால் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட வருஷம், கன்றை மாடு மேய்ந்துவிடும் என்று நிர்வாகம் லயத்துக்கு லயம் கடிதம் கொடுத்தது. ஒரு மாதத்துக்குள் மாடுகளை அகற்ற வேண்டும். அப்பா ஐந்தையும் தைப்பிங் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார். லோரியில் ஏற்றும் முன் ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். விற்கிறவர் எதற்குத் தடவ வேண்டும், வாங்குகிறவர்தானே பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இரண்டு வருஷத்தில் எங்கள் லயத்தையும் இடித்தார்கள். நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம்.

சரி, மொரோக்கோத் தங்கச்சிக்கு வருவோம். அவர்கள் போவது மெர்சூகா. எர்க் செபி என்ற மணல்மேடுகள் 150 மீட்டர் வரை உயரும். சாயங்காலம் ஒட்டகத்தில் கூடாரத்துக்குப் போய், ராத்திரி தங்கி, விடியும் முன் திரும்புவது வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும், பாதி வழி நடந்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் சாகோரா என்ற ஊரில் ஒரு பலகை இருக்கிறது, "திம்புக்து 52 நாள்" என்று, சஹாராவுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு ஒட்டகத்தில் போனால். அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஐம்பத்திரண்டு நாள் போனவன் எந்தத் தையலில் சிலுவார் போட்டிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த கூட்டு எட்டாம் மாதம் என் முறை. இரண்டு திமில் ஒட்டகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மங்கோலியா கோபி பாலைவனம் கட்டுப்படியாகாது. லடாக்கில் நூப்ரா பள்ளத்தாக்கு, ஹுண்டர் என்ற ஊரில் இருக்கின்றன. அந்தக் காலத்து யார்க்கண்ட் வியாபாரிகளின் ஒட்டகங்களின் வம்சம். பைக்கில் போய் வந்த எதிர்வீட்டுப் பையன் போட்டோ காட்டினான். இரண்டு திமிலுக்கும் நடுவில் உட்கார்ந்தால் நாற்காலி மாதிரி இருக்குமாம். ஆனால் மூச்சு வாங்குமாம், பத்தாயிரம் அடிக்கு மேலே. நர்ஸ் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு.

தங்கச்சியின் சிலுவார் வியாழக்கிழமை ரெடி. உள்பையில் வழக்கம்போல் ஒரு கோணி ஊசியும், மெழுகு பூசிய நூல் ஒரு கண்டும் வைத்துத் தைத்திருக்கிறேன். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. பரவாயில்லை, அங்கே ஒட்டகக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடு என்று மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.